முனியாண்டிக்கு ஊற்றிய வைன்

தம்பி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க முடியவில்லை. நலமில்லை என்று நேற்றுச் சாயங்காலம் நீயே போனில் சொல்லிவிட்டாய். ஆலங்கட்டி மழை கொட்டியது, மேட்டுத் தோட்டத்தில் பாதிக்கு மேல் திராட்சைக் குலை போய்விட்டது, மிச்சமிருப்பதும் அடிபட்டு வெடித்துக் கிடக்கிறது என்றாய். அறுவடைக்குச் சில வாரங்கள்தான் இருந்தன என்றாய். உன் மாமனார் முற்றத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் யாரிடமும் பேசவில்லை, சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்கவில்லை என்றாய். அதுவரை நானும் ஐயோ ஐயோ என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பிறகு நீ குரலைத் தாழ்த்தி, "பேசாம நம்ம ஊரு கிள்ளானுக்கே வந்துடலாமான்னு பாக்குறேன்ப்பா. கியாராவும் சரின்னுதான் சொல்றா" என்றாய். அந்த இடத்தில்தான் போன் என் கையிலிருந்து நழுவி மல்லி மூட்டை மேல் விழுந்தது.

மசாலா மில் கல்லாவில் இருந்த உன் அம்மா ஓடிவந்து போனை எடுத்து, "வாய்யா ராசா, ஒன் ரூம்பு அப்படியேதான் இருக்கு, டிக்கெட்ட போடு லா" என்று சொன்னதெல்லாம் உன் காதில் விழுந்திருக்கும். அப்பாவுக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்றும் சொன்னாள். அப்பாவுக்குப் பேச்சு வராதது உண்மை. சந்தோஷம் என்பது பொய். அது பயம். அரவை இயந்திரத்தை நிறுத்திவிட்டு உன் சித்தப்பா வந்து, "என்னாண்ணே, நெஞ்சு வலிக்குதா? கிளினிக் போவமா?" என்று உலுக்கினான். மூட்டை மேல் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேனாம். பேயறைந்த மாதிரி இருந்தேன் என்று கடைக்கு வந்த ஆன்டிகள்கூடச் சொன்னார்கள். இன்னும் அந்தப் பயம் போகவில்லை. இதைப் போனில் சொல்லவும் முடியாது. நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ, "ப்பா, அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்பாய், நானும் அடங்கிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். சம்பந்தி அந்த நாற்காலியை விட்டு எழுந்த பிறகு, இதைக் கியாராவுக்கும் அவருக்கும் அவர்கள் மொழியில் வாசித்துச் சொல். ஒரு வரியையும் விடாதே.

நீ அந்தத் தொழிலுக்குப் போனதில் எனக்கு எப்போதும் வருத்தம் இருந்ததில்லை. சாப்பாட்டு அறிவியல் படித்தவன், பயிற்சிக்கு என்று வெரோனா பக்கம் போனாய், அங்கே ஒரு குடும்பம் நடத்தும் வைன் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாய், அந்த வீட்டுப் பெண் கியாராவையே கட்டிக்கொள்கிறேன் என்றாய். நம் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "என்னாங்க, ஒங்க மகன் வெளியூருல சாராயம் காய்ச்சுறானாமே" என்று கல்யாண வீட்டிலெல்லாம் கிண்டல் செய்தார்கள். காய்ச்சுவதில்லை, ஊற வைப்பது என்று நான் ஒவ்வொருவரிடமும் மல்லுக்கு நின்றேன். நீ ஒருநாள் பரணில் ஏறி வீடியோவில் காட்டினாயே, அது எனக்கு மறக்காது. கறுத்த குலைகளை மூங்கில் தட்டுகளில் ஒன்றை ஒன்று தொடாமல் பரப்பி வைத்திருந்தீர்கள். மூன்று நான்கு மாதம் காற்றிலேயே காய்ந்து, பாதி எடையாகச் சுருங்கி, அதன் பிறகுதான் பிழிவார்களாம். அந்த வைனுக்குப் பெயர் அமரோனே, பெரிய மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடந்தால்தான் அது குடிக்கிற பதத்துக்கு வரும் என்றாய். "டேய், இது நம்ம மொளகா கதைதான்டா" என்றேன். மிளகாயும் அப்படித்தான். நிழல் காய்ச்சலில் ஒரு வாசம், வெயில் காய்ச்சலில் ஒரு வாசம், அவசரப்பட்டால் பூஞ்சணம். அந்த மூக்கை நீ நம் மில்லில்தான் வாங்கினாய் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. போனவன் கொஞ்ச நாள் சம்பாதித்துவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து மில்லைப் பார்ப்பான் என்றும் நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் அதைக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

கல்யாணத்துக்காகச் சம்பந்தி ரென்ஸோ இங்கே வந்து இறங்கிய அன்று நம் வீட்டில் விருந்து. அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை, எனக்கு அவர் மொழி பூஜ்யம். நடுவில் நீ உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாய். மனிதர் மில்லுக்கு வந்ததும் சீரக மூட்டைக்குள் முகத்தையே விட்டு மூச்சு இழுத்தாரே, அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு அவர் ஏதோ நீளமாகச் சொன்னார். நீ முகத்தில் எதுவும் காட்டாமல், "மேல் மாடி எங்க ரெண்டு பேருக்குன்னு சொல்றாருப்பா. தோட்டம், கெடங்கு எல்லாத்தையும் இனிமே நாங்கதான் பாக்கணுமாம்" என்றாய். நான் தலையாட்டினேன். உள்ளே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டோடு மாப்பிள்ளை! நம் வம்சத்தில் யாரும் போகாத இடத்துக்கு என் ஒரே பையன் போகிறான். உன் முகத்தைப் பார்த்தேன். உனக்கு இது ஏற்கனவே தெரிந்திருந்தது, கியாராவுக்கும் தெரிந்திருந்தது. எனக்கும் உன் அம்மாவுக்கும்தான் அது புதுச் செய்தி. அவள் எழுந்து பாத்திரங்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் உள்ளே என்ன செய்தாள் என்று அன்றைக்கு நான் போய்ப் பார்க்கவில்லை.

அன்றைக்கேதான் அவர் அந்தப் பாட்டிலை என் கையில் கொடுத்தார். துணியில் சுற்றி, கைக்குழந்தையைக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தார். கியாரா பிறந்த வருஷத்து அமரோனே, அதில் கடைசிப் பாட்டில் இதுதான், பெண்ணின் கல்யாண விருந்தில் திறப்பதற்கென்றே வைத்திருந்தது, அதுவரை மாப்பிள்ளையின் அப்பா காவலில் இருக்கட்டும் என்றார். குளிர்ச்சியாக, இருட்டாக, ஆட்டாமல் வைக்கவேண்டும் என்று நீ சொன்னாய். நம் வீட்டில் அப்படி ஒரு இடம் சாமி அறைதான். சன்னல் கிடையாது, தரை சில்லென்றிருக்கும். அதோடு, தாலியும் கூறைப்புடவையும் கல்யாணம் வரைக்கும் சாமி காலடியில் இருப்பதுதானே நம் வழக்கம். அவர்கள் வீட்டில் அந்தப் பாட்டிலுக்கும் அதே மரியாதை என்று புரிந்துதான், தாலித் தட்டுக்குப் பக்கத்தில் அதைப் படுக்க வைத்து ஒரு பூவும் போட்டேன். இதைவிட உயர்ந்த இடம் எனக்குத் தெரியவில்லை. வைத்தவன் அதை யாரிடமும் சொல்லவும் இல்லை, அதுதான் வினையாகிப் போனது.

கல்யாணத்துக்கு முதல் நாள், பக்கத்து ஊர்க் காப்பார் முனியாண்டிக்குப் படையல். நம் குடும்பத்தில் எந்த நல்ல காரியம் என்றாலும், எண்ணெய் ஆட்டுகிற செம்பனைக் காட்டோரம் இருக்கிற அந்த முனியாண்டிக்கு முதலில் போட்டுவிட்டுத்தான் மற்றது. ஆண்கள் மட்டும்தான் போவோம். சமைத்துக் கட்டிக் கொடுப்பது பெண்கள், இலை விரித்துப் பரிமாறுவது நாங்கள். சம்பந்தியும் பார்க்க ஆசைப்பட்டார் என்று அவரையும் கூட்டிக்கொண்டு வந்தாய். ஆட்டுக்கறி, அவித்த முட்டை, கருவாடு, சுருட்டு, கருப்பு பீர் எல்லாவற்றையும் உன் சித்தப்பா காலையிலேயே வீட்டிலிருந்து பொறுக்கி எடுத்து லோரியில் ஏற்றியிருந்தான். சூடம் ஏற்றியதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். இத்தனை வருஷமும் அந்த இடத்தில் மழை வேண்டாம், விபத்து வேண்டாம் என்றுதான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு, "என் பையன எப்படியாச்சும் என்கிட்டயே திருப்பிக் கொண்டாந்து சேத்துடு சாமி" என்று கேட்டேன். எப்படியாச்சும் என்ற வார்த்தையை அழுத்திச் சொன்னேன். மனசுக்குள் திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் களகளவென்று ஊற்றுகிற சத்தம் கேட்டது. நல்ல சகுனம் என்று நினைத்தேன், சாமி வாங்கிக்கொள்கிறது என்று நினைத்தேன்.

அப்புறம் உன் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால், தக்கையை ஸ்குரூ டிரைவரால் உள்ளே தள்ளிவிட்டு, சித்தப்பா அந்தப் பாட்டிலைக் கவிழ்த்து முனியாண்டி காலைச் சுற்றி ஊற்றிக்கொண்டிருக்கிறான். நீ பாய்ந்து அவன் கையைப் பிடித்தாய். பாதிப் பாட்டில் மண்ணுக்குப் போய்விட்டிருந்தது. நீ குனிந்து அந்த ஈர மண்ணை அள்ளி மோந்து பார்த்தாய். பிறகு நிமிர்ந்து சித்தப்பாவைத் திட்டினாய் பார், அதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. சின்ன வயதில் கைவிரல் கதவிடுக்கில் நசுங்கியபோது நீ தமிழில்தான் கத்தினாய். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போனபோதும் சண்டை என்று வந்தால் தமிழில்தான் சண்டை போட்டாய். அன்றைக்கு உன் சொந்தச் சித்தப்பாவைத் திட்ட உனக்கு இத்தாலிய மொழிதான் வாயில் வந்தது. திட்டி முடித்த பிறகுதான் அவனுக்குப் புரியாது என்று உனக்கே உறைத்தது. பாட்டில் போன அதிர்ச்சியைவிட எனக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. நீ எங்களை விட்டுப் போகப் போகிறாய் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். நீ போய்ச் சேர்ந்து வெகுநாளாகிவிட்டது என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

சித்தப்பா அழாத குறை. "சாமி ரூம்புல இருந்துச்சிண்ணே! பூவெல்லாம் போட்டு வெச்சிருந்தீங்க. சாமிக்குத்தானேன்னு எடுத்தாந்தேன் லா. நான் என்னாத்த கண்டேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டான். அவனைச் சொல்லி என்ன செய்ய? படையல் நேரத்தில் சாமி அறையில் ஒரு சரக்குப் பாட்டில் பூவோடு இருந்தால் நானே எடுத்துக்கொண்டு போயிருப்பேன். சம்பந்தி ஒன்றும் புரியாமல் முதலில் சிரித்தார், பிறகு பாட்டிலின் கழுத்தைப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலாம். அப்படியே தரையில் உட்கார்ந்து ஏதோ சொன்னார். நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டே எனக்குச் சொன்னாய். "அந்த வருஷத்து கொலையெல்லாம் கியாராவோட அம்மாதான்பா தட்டுல அடுக்குனாங்களாம். கியாராவ கூடையில போட்டு பக்கத்துல வெச்சுக்கிட்டு அடுக்குனாங்களாம். அடுத்த அறுவடைக்கு அவங்க இல்ல." அந்த அம்மாள் கியாரா குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார் என்று தெரியும். அந்த அம்மாள் கைபட்டது இந்தப் பாட்டிலில்தான் மிச்சமிருந்தது என்பதை யாரும் சொல்லவில்லை. சாமி முன்னாடி நின்றுகொண்டு செத்துப் போய்விடலாமா என்று தோன்றியது.

மீதிப் பாதியை வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் விருந்தில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். முடியாது என்று இரண்டு பக்கமும் சொன்னார்கள். இவ்வளவு பழைய வைன் திறந்து சில மணி நேரத்திலேயே உயிரை விட்டுவிடும், நாளைக்கு அது வெறும் புளித்தண்ணீர் என்று நீ சொன்னாய். முனியாண்டிக்கு ஊற்றியதில் மிச்சம் எல்லையைத் தாண்டக் கூடாது, இங்கேயே குடித்துத் தீர்க்கவேண்டும் என்று சித்தப்பா சொன்னான். யாருக்காக வைத்திருந்த பாட்டிலோ அந்தப் பெண் கிள்ளானில் கையில் மருதாணியோடு உட்கார்ந்திருந்தாள். பெண்கள் இங்கே வரக் கூடாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் போனை எடுத்து உன் அம்மாவிடம், "கியாராவ காடியில ஏத்திக்கிட்டு காப்பாருக்கு வா. நீயும் வா" என்றேன். "அலாமாக், என்னாண்ணே இது?" என்று சித்தப்பா வாயைப் பிளந்தான். தப்பென்றால் என் தலையில் விடியட்டும் என்றேன்.

உன் அம்மா காடியை விட்டு இறங்கிய கோலம் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கட்டிக்கிட்டு வந்ததுலேர்ந்து ஆட்டுக்கறி ஆக்கி அனுப்புறேன். எந்த மண்ணுக்குப் போவுதுன்னு இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றாள். செய்தி கேட்டுக் கியாரா அப்பாவைக் கட்டிக்கொண்டு விம்மினாள், மருதாணி அவர் சட்டை முழுக்க ஒட்டிக்கொண்டது. எவர்சில்வர் டம்ளர்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாய். எனக்கு பிராந்தி பழக்கம் உண்டு, இது வேறு. முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் உலர்ந்த பழமும் புகையிலையும் ஈரக் கட்டையும் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது, நெஞ்சுக்குள் இறங்கியும் வெகுநேரம் போகவில்லை. உன் அம்மா ஒரு மடக்குக் குடித்தாள், முகத்தைச் சுளிக்கவில்லை, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முனியாண்டி முன்னால் போய்க் கைகூப்பி நின்றாள். சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் ஏதோ கேட்டார். "சாமிகிட்ட என்னா கேட்டீங்கன்னு கேக்குறாருப்பா" என்றாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன். "நாளைக்கி மழ வரக்கூடாதுன்னு கேட்டேன்னு சொல்லு" என்றேன். நீயும் அப்படியே சொன்னாய். அவர் என் தோளில் தட்டினார்.

மறுநாள் மழை வரவில்லை. கல்யாணம் நன்றாகவே நடந்தது, நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். நானும் அந்த வேண்டுதலை மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நேற்று நீ ஆலங்கட்டி மழை என்று சொன்னபோதுகூட எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கிள்ளானுக்கே வந்துவிடலாமா என்றாயே, அப்போதுதான் இடி விழுந்தது. எப்படியாச்சும் என்று நான்தானே கேட்டேன்? எப்படி என்று நான் சொல்லவில்லை. உன்னை அங்கிருந்து கிளப்ப அதைவிடச் சுலபமான வழி எது இருக்கிறது? அதுவும் எதைக் கொடுத்துக் கேட்டிருக்கிறேன் பார். அவர்கள் வீட்டுப் பாட்டிலை, அந்த வீட்டு அம்மாள் கைபட்ட கடைசிப் பாட்டிலை ஊற்றி, அவர்கள் வீட்டுக்குப் போகும் பிள்ளையைப் பறித்துக் கொடு என்று கேட்டிருக்கிறேன். கூலியை வாங்கிக்கொண்ட முனியாண்டி வேலையைச் செய்துவிட்டார். நீ சிரிப்பாய். அந்த ஊரில் வருஷா வருஷம் எங்கேயாவது ஆலங்கட்டி விழத்தான் செய்யும், நான் ஒருத்தன் காப்பாரில் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்ததற்கும் வெரோனா வானத்துக்கும் என்ன சம்பந்தம் என்பாய். எனக்கும் அது தெரியும், நானும் பேப்பர் படிக்கிறவன்தான். ஆனாலும் கேட்டவன் நான். கேட்டது நடந்திருக்கிறது. முற்றத்தில் ஒரு மனிதர் பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

அவரை எப்படி எழுப்புவது என்று சொல்கிறேன், கேள். வெள்ளம் வந்த வருஷம் நம் மில்லுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதே, நினைவிருக்கிறதா? மூட்டைகள் ஊறி வீங்கி, மஞ்சளும் மிளகாயும் கலந்து தெருவெல்லாம் சாயமாக ஓடியது. பெட்டாலிங் ஜெயாவிலிருந்தும் சுங்கை பூலோவிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்தார்கள். எல்லோரும் நல்ல மனசோடுதான் வந்தார்கள். இழுத்து மூடிட்டு எங்களோட வந்து இருங்க என்றார்கள், இந்த வயசில் இன்னும் என்ன மில்லு என்றார்கள். எனக்கு அவர்களை அறைய வேண்டும் போல இருந்தது. நீ அப்போது காலேஜ் படித்துக்கொண்டிருந்தாய். ஒன்றும் பேசாமல் வந்து, பேண்ட்டை மடித்துவிட்டு, ஊறிய மூட்டைகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாய். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு எழுந்திருக்க முடிந்தது. சம்பந்திக்கும் அதைத்தான் செய்யவேண்டும். ஆறுதல் சொல்லாதே, காப்புறுதிப் பணம் எவ்வளவு வரும் என்று பேசாதே, கிள்ளான் பேச்சை இப்போது அவர் காதில் போடவே போடாதே. கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போ. அடிபடாத குலை எத்தனை தேறுகிறதோ அதை மட்டும் பொறுக்கு. வெடித்த பழம் ஒன்று தட்டில் சேர்ந்தாலும் பக்கத்தில் இருப்பதெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். இதை உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, ஆனால் துக்கத்தில் இருக்கிறவன் கண்ணுக்கு எல்லாம் நல்ல பழமாகத்தான் தெரியும். இந்த வருஷம் ஒரு பீப்பாய்தான் நிரம்பும் என்றால் ஒரு பீப்பாய் செய். அடிபட்ட வாரத்தில் யாரும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. நீயும் எடுக்காதே, கியாராவையும் எடுக்க விடாதே.

இன்று காலையில் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைப் பெற்றவள், நேற்றிலிருந்து வாயெல்லாம் சிரிப்பாக இருக்கிறவள், என்னைக் கிழித்துத் தொங்கவிடுவாள் என்று தயாராகத்தான் இருந்தேன். அவள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீங்க மட்டுமா கேட்டீங்க? அன்னிக்கி நானும் அதத்தானே கேட்டேன்" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மண்ணை மிதித்தவள், அந்த வைனைக் குடித்துவிட்டுப் போய்க் கைகூப்பியவள், அவளும் உன்னைத்தான் கேட்டிருக்கிறாள். இத்தனை மாதம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் அதை மறைத்திருக்கிறோம்.

கடையைத் திறக்கவில்லை. நேராகக் காப்பாருக்குப் போனோம். நான் கருப்பு பீரை ஊற்றி, நான் கேட்டதை நானே திருப்பி எடுத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே என்று முனியாண்டியிடம் சொன்னேன். அவள் வெறுமனே நின்றாள். வேண்டாம், போகலாம் என்று சொல்லிவிடுவாளோ என்று நினைத்தேன், அப்படிச் சொல்லியிருந்தால் நானும் சரி என்றிருப்பேன். செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டிருந்த லோரிக்காரர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் அம்மா திடீரென்று தரையில் விழுந்து, நெற்றி மண்ணில் படும்படிக் கும்பிட்டு, அந்தக் காடே கேட்கிற மாதிரி அலறினாள்.

"எம்புள்ள எனக்கு வேணாஞ் சாமி! அவன் அங்கயே இருக்கட்டும்! அந்த மனுசனோட தோட்டத்த விட்டுடு!"

உன்னைச் சுமந்து பெற்றவள் வாயால் அதைச் சொல்லிவிட்டாள். வராதே, ஐயா.

அப்பா